கடலிலிருந்து எத்தனை அடி?

ஜூலை பிறந்து வயநாட்டிலும் குடகிலும் மழை பிடித்துக்கொண்டால் தமிழ்ப் பத்திரிகைகளில் அணைகளின் நீர்மட்டம் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். கபினி நிரம்பிய அன்று ஒரு பத்திரிகை ‘84 அடி’ என்று போடும். இன்னொன்று ‘2,284 அடி’ என்று போட்டிருக்கும். டீக்கடையில் இரண்டையும் புரட்டுகிறவர் ஏதோ ஒன்று அச்சுப் பிழை என்று தீர்மானித்து அடுத்த செய்திக்குப் போய்விடுவார். இரண்டிலும் பிழை இல்லை. 2,284 என்பது கடல் மட்டத்திலிருந்து எண்ணியது. 84 என்பதும் அதே எண்தான். முன்னால் உள்ள 2,200-ஐ வசதிக்காக விழுங்கிவிட்டார்கள்.

மேட்டூர் கதை வேறு. அதன் 120 அடி அணையின் சொந்தக் கணக்கு. அந்தக் கணக்கின் பூஜ்யம் கடல் மட்டத்திலிருந்து 670 அடி உயரத்தில் இருக்கிறது. அணை நிரம்பித் ததும்பும்போது நீர்ப்பரப்பு கடலிலிருந்து 790 அடியில் நிற்கிறது. கிருஷ்ணராஜ சாகரின் 124.80 அடியும் இப்படி அதன் சொந்த அளவுகோல்தான். மூன்று அணைக்கும் மூன்று பூஜ்யம். ஆனால் அட்டவணையில் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே தராசில் நிறுத்தியவை போல அச்சாகின்றன.

கடலிலிருந்து 790 அடி என்று சொல்வது சுலபம். மேட்டூருக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிடக்கிறது. கடல் மட்டம் இதுதான் என்று அங்கே கொண்டுபோய்க் காட்டியது யார்? எதன் மேல் வைத்து? அதற்கான பதில் நாடு முழுவதும் கோயில் படிகளிலும், பாலத்துக் கைப்பிடிச் சுவர்களிலும், பழைய பங்களா வாசல்களிலும் செதுக்கிக் கிடக்கிறது. தினமும் அவற்றின் மேல் மிதித்துப் போகிறவர்களுக்கு அது தெரியாது.

தெரிந்த ஒரே உருவம் ரயில் நிலைய மஞ்சள் பலகை. ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. அதைப் பார்த்துத்தான் டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்ட கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. ஏற்ற இறக்கத்தை டிரைவருக்குச் சொல்வதற்குத் தண்டவாளத்தின் ஓரமாகத் தனிக் கம்பங்கள் இருக்கின்றன. பலகையில் உள்ள எண் பாதை போட்ட இன்ஜினியர்களின் கணக்கு. எந்த நிலையத்தைவிட எந்த நிலையம் எவ்வளவு மேடு, வெள்ளம் வந்தால் எது முதலில் முழுகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. பலகை வெறும் செய்தி அறிவிப்புதான். உண்மையான அடையாளம் அந்த நிலையத்தில் எங்காவது ஒரு கல்லில் இருக்கும்.

வீடு கட்டும் கொத்தனார் மட்டம் பார்ப்பதைக் கவனித்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறு முனையை அந்தத் தூணிலும் பிடித்துக் கோடு கிழிப்பார். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். நாட்டின் உயரங்களை அளந்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். குழாய்க்குப் பதில் ரசமட்டம் பொருத்திய தொலைநோக்கி. தூணுக்குப் பதில் அளவு குறித்த இரண்டு நெட்டைக் கம்புகள். கருவியை நடுவில் வைத்துப் பின்னால் இருக்கும் கம்பையும் முன்னால் இருக்கும் கம்பையும் படிக்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். பிறகு பின்கம்பு முன்னே போகும், கருவியும் நகரும். முன்னும் பின்னும் தூரம் சமமாக இருந்தால் பூமியின் வளைவும், வெயிலில் காட்சி வளைவதும், கருவியின் சிறு கோணலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இப்படிச் சில பத்து மீட்டர்களாக நகர்ந்து ஒரு துணைக்கண்டத்தைக் கடந்தார்கள். ஒருவர் படித்ததை நம்பாமல் இன்னொருவர் தனியாகப் படித்து ஒப்பிட்டார்.

வில்லியம் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவித்ததும், அந்தக் கணக்கில் வங்காளத்து ராதாநாத் சிக்தருக்கு இருந்த பங்கும் பள்ளிப் பாடம். சரியாக 29,000 வந்ததாகவும், யாரும் நம்பமாட்டார்கள் என்று இரண்டு அடி சேர்த்ததாகவும் ஒரு வேடிக்கைக் கதைகூட உண்டு. அந்த உயரம் தூரத்திலிருந்து கோணம் பார்த்துக் கணக்கிட்டது. காற்றின் சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப ஒளி வளைவதால் அந்த முறையில் சில அடிகள் முன்பின்னாகும். மலைக்கு அது போதும். கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் போதாது. மைலுக்கு ஓர் அடிதான் சரிவு என்றால் அங்கே சில அங்குலம் தப்பினாலும் தண்ணீர் நின்றுவிடும்.

அதனால்தான் ஆண்ட்ரூ வா சர்வேயர் ஜெனரலாக இருந்தபோது, 1858-ல் கராச்சிக் கடற்கரையிலிருந்து ரசமட்டத்தால் அளந்துகொண்டே போகும் வேலை தொடங்கியது. எவரெஸ்ட் மாதிரி இதற்குப் புகழ் கிடைக்கவில்லை. வேலை மட்டும் அரை நூற்றாண்டு நீடித்தது. இதற்கிடையே துறைமுகங்களில் அலை ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகளை வைத்து, வருடக்கணக்கில் கடலின் சராசரி மட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாவின் ஃபால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது இடத்துக் கடலையும் ஒரே பூஜ்யம் என்று வைத்து 1909-ல் நாட்டின் மட்டக் கணக்கை முடித்தார்கள். அந்த வேலையைப் பற்றிய தடித்த நூலை சிட்னி பர்ரார்ட் எழுதினார். நாகப்பட்டினத்துக் கரையில் ஏறி இறங்கிய அலைக்கும் மத்திய இந்தியாவில் ஒரு பாலத்தின் உயரத்துக்கும் இப்படித்தான் சம்பந்தம் ஏற்பட்டது.

அளந்துகொண்டே போகும்போது வழியில் அடையாளம் விட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை கராச்சியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அந்த அடையாளத்துக்குத்தான் பெஞ்ச் மார்க் என்று பெயர். இங்கிலாந்தில் சுவரில் ஒரு படுக்கைக் கோட்டை வெட்டி, அதற்குள் இரும்புப் பட்டையைச் செருகி, அளவுக் கம்பை நிறுத்த அதை ஒரு ‘பெஞ்சு’ போலப் பயன்படுத்தினார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. அங்கே கோட்டுக்குக் கீழே காக்கைக் காலைப் போல மூன்று கோடுகள் கொண்ட அம்புக்குறி இருக்கும். 20-ஆம் நூற்றாண்டில் சுவரோடு சுவராகப் பதித்த உலோகத் தகடுகளும் வந்தன. விடுமுறை நாளில் இவற்றைத் தேடிப் போய்ப் படமெடுத்துக் குறித்து வைப்பதே அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. இந்தியாவில் கோயில் கல்வெட்டைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதே படியில் பக்கத்திலேயே ஆங்கில எழுத்து இருந்தால் எவனோ வெள்ளைக்காரன் கிறுக்கியது என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்துகொள்வது கடினமல்ல. மேலே ஜி.டி.எஸ். என்ற மூன்று எழுத்து, கீழே பி.எம். என்ற இரண்டு எழுத்து, நடுவே சதுரமாகவோ வட்டமாகவோ வெட்டிய சிறு இடம். அளவுக் கம்பு நிற்க வேண்டியது அந்த நடு இடத்தில். மாபெரும் முக்கோண அளவையின் பெயர்ச் சுருக்கமும் பெஞ்ச் மார்க்கின் சுருக்கமும் சேர்ந்ததுதான் இது. கோயில், மாதா கோவில், கிணற்றடி, மதகு, பாலம் என்று எது சீக்கிரம் இடியாது என்று தோன்றியதோ அதில் செதுக்கினார்கள். அப்படி எதுவும் இல்லாத பொட்டலில் ஒரு கற்பாளத்தைப் பூமிக்குள் இறக்கித் தலையை மட்டும் தெரியவிட்டார்கள். பாறை கிடைத்த இடத்தில் நேரடியாகப் பாறையிலேயே வெட்டினார்கள். மூன்றில் பாறைதான் உத்தமம். புதைத்த கல் மழைக்கும் கோடைக்கும் மண்ணோடு சேர்ந்து அசையும். கட்டடம் தன் பாரத்தில் தானே அமிழும்.

இதில் தேடுகிறவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான கற்களில் உயரம் எழுதியிருக்காது. கல் வெறும் பெயர்ப் பலகை. எண், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நில அளவைத் துறை அச்சிட்ட சிறு புத்தகங்களில் இருந்தது. காரணம் நியாயமானது. மறுபடி அளக்கும்போது எண் மாறும். கல்லில் செதுக்கிவிட்டால் மாற்ற முடியாது. ஆகவே எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்லின் வயதையோ உயரத்தையோ கண்டுபிடித்துவிட்டதாக யாராவது சொன்னால் சற்று நிதானிப்பது நல்லது.

எண்ணைச் செதுக்கிய அபூர்வமான இடம் நாக்பூர். ‘ஜீரோ மைல்’ என்றால் அங்கே ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் இறக்கிவிடுவார். மணற்கல் தூண், பாய்ந்து நிற்கும் நான்கு குதிரைகள். ஹைதராபாத் 318 மைல், ஜபல்பூர் 170 மைல் என்று திசைக்கொரு தூரம் குறித்திருக்கிறார்கள். நாட்டின் நடுப்புள்ளி இதுதான் என்று சொல்லிச் சொல்லியே அது கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது. முக்கோண அளவையின் கணக்கெல்லாம் மூலமாகக் கொண்ட இடம் நாக்பூர் அல்ல, மத்தியப் பிரதேசத்தின் கலியான்பூர். நாக்பூரில் உள்ளது 1907-ல் அமைத்த ‘ஸ்டாண்டர்டு பெஞ்ச் மார்க்’. அதாவது முக்கியமான நகரங்களில் மற்ற எல்லாக் கற்களுக்கும் தாய்க்கல்லாக, சாதாரணக் கல்லைவிட உறுதியாகவும் பத்திரமாகவும் நட்ட வகை. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,020 அடிக்குச் சற்று மேல். தூரத்தைச் சொல்லும் தூணும் உயரத்தைச் சொல்லும் கல்லும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் குதிரைகள் போதும்.

இந்தக் குழப்பம் நாக்பூரோடு நிற்பதில்லை. அளவைக் கல் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். மலை உச்சியில் அல்லது பாறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இருந்தால் அது உயரத்துக்கான கல் அல்ல, இடத்துக்கான கல். முக்கோணத்தின் ஒரு முனை. உயரமான இடம் கிடைக்காத கங்கைச் சமவெளியில் இதற்காகவே கோபுரங்கள் கட்டினார்கள். கொல்கத்தாவில் பாரக்பூர் டிரங்க் ரோடு ஓரமாக 1831-ல் அடிக்கோடு அளக்க எழுப்பிய இரண்டு கோபுரங்கள் பைக்பாராவிலும் சுக்சரிலும் இருக்கின்றன. வயல் வரப்பில் அம்புக்குறியோடு நிற்கும் கல் இன்னொரு சாதி. அது பட்டாவுக்கு எல்லை காட்டும் கல்; தமிழ்நாட்டில் அதற்கு 1923-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. பங்காளிச் சண்டையில் முதலில் பிடுங்கப்படுவதும் அதுதான். அதற்கும் கடல் மட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பள்ளியில் பூகோளம் ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் துறையின் வரைபடத் தாள் நினைவிருக்கலாம். சிறு முக்கோணம் போட்டு எண் எழுதியிருந்தால் முக்கோண முனை. வெறும் புள்ளியும் எண்ணும் என்றால் சும்மா ஒரு இடத்தின் உயரம். தரையில் போய்த் தேடினால் எதுவும் கிடைக்காது. பி.எம். என்ற எழுத்தோடு தசமப் புள்ளி வைத்த எண் என்றால் அங்கே கல் உண்டு. தாளின் கீழே உள்ள குறி விளக்கத்தில் பெஞ்ச் மார்க்கையே மூன்றாகப் பிரித்திருப்பார்கள்: நாட்டின் முதன்மைக் கோட்டில் வந்தது, கீழ்நிலைக் கோட்டில் வந்தது, கால்வாய்க்காரர்களுடையது. கால்வாய் மார்க்குக்குத் தனி இடம் கொடுத்ததிலேயே அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு உயரம் எதற்குத் தேவைப்பட்டது என்பது தெரிகிறது.

பொதுப்பணித் துறையும் ரயில்வேயும் தங்கள் பங்குக்கு அடையாளங்கள் வைத்தன. பாலத்து மூலையில், அணைக்கட்டு ஓரத்தில், மதகுச் சுவரில் பி.எம். என்று வெட்டி, பக்கத்தில் எண்ணும் எழுதியிருப்பார்கள். இது தேசியக் கல்லோடு சேர்த்து அளந்ததா, உள்ளூர்க் கணக்கா என்பது கல்லைப் பார்த்தால் தெரியாது. பாலத்தூணில் எச்.எஃப்.எல். என்று வருடத்தோடு ஒரு கோடு இருந்தால் அது அந்த வருடம் வெள்ளம் தொட்ட உச்சம். எல்லாவற்றிலும் ஆபத்தானது சிவப்புப் பெயிண்டில் ‘பி.எம். 100.000’ என்று எழுதியிருப்பது. பாலிடெக்னிக் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நால்வகைப் பெஞ்ச் மார்க்கில் கடைசி வகை. வேலை தொடங்கும்போது கான்ட்ராக்டரின் ஆள் ஏதோ ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதை நூறு என்று வைத்துக்கொள்வோம் என்று எழுதுவது. அந்த வேலையிடத்துக்கு மட்டும் அது பொருந்தும். மூன்று தசமத்தோடு பளிச்சென்று எழுதியிருப்பதால் பழைய கல்லைவிட இதற்குத்தான் மரியாதை அதிகம். பக்கத்துத் தெருவில் வடிகால் போடுகிறவர் இன்னொரு கல்லை நூறு என்று எழுதியிருப்பார். இரண்டு வடிகாலும் ஒரு நாள் சேர வேண்டியிருக்கும். அப்போது தண்ணீர்தான் உண்மையைச் சொல்லும்.

பெரிய நகரங்களும் இதற்கு விலக்கல்ல. மும்பை மாநகராட்சியின் வரைபடங்களில் ‘டி.எச்.டி.’ என்று ஒரு சுருக்கம் வரும். கோட்டைப் பகுதியின் பழைய டவுன் ஹாலை ஆதாரமாக வைத்த கணக்கு அது. கொல்கத்தாவில் கிதிர்ப்பூர் பழைய கப்பல் துறை வாசலின் மட்டம்தான் பூஜ்யம். இரண்டுமே தேசியக் கணக்கின் பூஜ்யத்தைவிடக் கீழே இருப்பவை. ஊருக்குள் எந்த இடத்தின் உயரத்தையும் கழித்தல் குறி இல்லாமல் எழுதலாம் என்பது இதில் உள்ள சௌகரியம். ஊர் இன்ஜினியர்களுக்குள் இதில் சிக்கலே இல்லை, அவர்கள் பழகியவர்கள். வெளியிலிருந்து வருகிற ஆலோசகர் ஒரு வரைபடத்தின் எண்ணை எடுத்து இன்னொரு வரைபடத்தின் எண்ணோடு கூட்டும்போதுதான் வினை.

மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சென்னை 2015 டிசம்பரில் முழுகியது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று காட்டும் மட்ட வரைபடம் வேண்டும் என்ற பேச்சு எழும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட நகர வெள்ளம் பற்றிய வழிகாட்டுதல்களிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. அரை மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடம் வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. சமதளமான கடற்கரை நகரத்துக்கு ஓர் அடி என்பது வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம்.

தெருவில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஓர் அடி நன்றாகவே தெரியும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள். இருபது வருடத்துக்கு முன் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். வசதியில்லாதவர்கள் வாசலில் செங்கல் வைத்துச் சிறு தடுப்பு கட்டிக்கொள்கிறார்கள். சாலை எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால் ஒப்பந்தக்காரர் தார் கனத்தைச் சொல்வார். அது ஒரு முறைக்கான கணக்கு. தெருமுனையில் ஒரு பெஞ்ச் மார்க் பிழைத்திருந்தால் இருபது வருட உயர்வை அரை மணியில் காட்டிவிடலாம். ஆனால் அந்தக் கல்லும் தாருக்கு அடியில் போயிருக்கும்.

சாலை உயர்வது மனிதன் செய்வது. நிலமே ஏறி இறங்குவதும் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போயிற்று. போர்ட் பிளேரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறக்கம். அந்தமானின் வடக்குப் பகுதியிலோ நிலம் மேலே வந்து பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. கடல் உயர்ந்ததா, நிலம் தாழ்ந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முந்தைய உயரம் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். உலகம் சூடாகிக் கடல் மட்டம் உயர்வதை மில்லிமீட்டர் கணக்கில் பேசுகிற காலத்தில், நூறு வருடத்துக்கு முன் செதுக்கிய ஒரு கோடு எந்தக் கம்ப்யூட்டராலும் பின்னோக்கிப் போய் அளந்து தர முடியாத சாட்சி.

செயற்கைக்கோள் இருக்கும்போது கல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மெரினா மணலில் நின்று, எந்தத் திருத்தமும் செய்யாமல் அது காட்டும் உயரத்தைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். கடல் மட்டத்துக்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாக அது சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. பூமியை வழுவழுப்பான, சற்றே தட்டையான உருண்டையாகப் பாவித்து அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து அது எண்ணுகிறது. உண்மையான கடல் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. கற்பனைப் பரப்பைவிட அங்கே கடல் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. தென்னிந்தியா அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. செயற்கைக்கோளின் எண்ணைத் தண்ணீர் ஓடும் எண்ணாக மாற்ற, எந்த ஊரில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற கணக்கு வேண்டும். ரசமட்டத்தால் அளந்த உயரம் தெரிந்த கல்லின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பதுதான் அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வழி. பழைய கல் போனால் புதிய கருவிக்குத்தான் நஷ்டம்.

1909-ல் ஒன்பது துறைமுகத்தையும் ஒரே பூஜ்யமாக்கியதும் சரியான கணக்கல்ல என்பது இப்போது தெரிகிறது. உப்பின் அளவு, நீரோட்டம், காற்று ஆகியவற்றால் கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. நில அளவைத் துறை 2009 என்ற வருடப் பெயரோடு புதிய உயர ஆதாரத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே எதிர்காலத்தில் ஒரே கல்லுக்கு இரண்டு எண்கள், இரண்டும் சரியானவை. எந்த வருடத்து எண் என்று எழுத மறந்தால் கபினியின் 84-ம் 2,284-ம் போலத்தான்.

பழைய கற்களைத் தேடுவதில் உள்ள சிரமம், அவை இருக்குமிடத்தைப் பக்கத்தில் இருந்த பொருட்களை வைத்தே குறித்தார்கள் என்பது. இந்தப் பாலத்தின் வடகிழக்கு மூலை, இந்தப் பங்களாவின் வாசற்படி என்று எழுதி வைத்தார்கள். பாலம் இடிந்து, பங்களா பேருந்து நிலையமாகிவிட்டால் குறிப்பு மட்டும் மிஞ்சும். இந்த நாட்டில் 2005-ஆம் வருடத்துக் கொள்கை வரும்வரை வரைபடம் வாங்குவதிலேயே ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்தது. 2021 பிப்ரவரியில்தான் பெரும்பாலான கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஊராருக்கு எண்ணைச் சொல்லாமல் நூறு வருடம் வைத்திருந்துவிட்டு, ஊரார் கல்லைக் காப்பாற்றவில்லை என்று குறைசொல்வதில் அர்த்தமில்லை. தொல்லியல் துறைக்கு இது வயதில் இளையது. நெடுஞ்சாலைத் துறைக்கு இது வெறும் கல். இரண்டுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறது.

இத்தனைக்கும் இதைக் காப்பாற்றப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. பாலத்தை அகலப்படுத்துமுன், பழைய கல்லின் மேல் அளவுக் கம்பை நிறுத்திப் படித்து, இடிக்கப் போகாத இடமொன்றில் புதுக் கல் நட்டு அதையும் படித்து, இரண்டு எண்ணையும் பதிவேட்டில் எழுதி, ஒரு பிரதியை நில அளவைத் துறையின் மாநில அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பக்கத்திலேயே தகுந்த இடம் கிடைத்தால், ஒரு சர்வேயரும் கம்பு பிடிக்க இரண்டு ஆட்களும் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை. மரம் வெட்டினால் மாற்று மரம் நட வேண்டும், மின்கம்பத்தை நகர்த்தினால் யார் செலவு என்றெல்லாம் சாலை ஒப்பந்தங்களில் பக்கம் பக்கமாக ஷரத்து எழுதுகிறவர்கள், வேலை தொடங்குமுன் கல்லைப் படித்துவிட வேண்டும் என்று இதற்கும் ஒரு வரி சேர்க்கலாம்.